யாருக்கு ஆபரேஷன்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். ஓசூருங்களா? நானும் ஓசூர்தானுங்க. பொண்டாட்டியோட அக்கா வீடு அங்க இருக்குது. பொண்டாட்டியும் இப்ப அங்கதான் இருக்கறா. கூட்டிட்டு வரலாம்னு போறேன். போன வாரமும் போனேனுங்க. பஸ் ஸ்டாண்டுலயே ஒரு டீயக் குடிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டேன். அதுக்கு முந்தின வாரமும் அப்பிடித்தான்.

சண்டையெல்லாம் இல்லீங்க. நான் கைநீட்டற ஆளு கிடையாது. குடியும் கிடையாது. திருச்செங்கோட்டுப் பக்கம் வந்து சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, தங்கமான ஆளும்பாங்க. ரிக்கு வண்டில டிரில்லருங்க நானு. போர்வெல் போடற வண்டி. ஆந்திரா, ஒரிசான்னு எங்க தண்ணி இல்லையோ அங்கெல்லாம் போவோம். மாசக்கணக்குல வண்டியிலயே சோறு, வண்டியடியிலயே தூக்கம். பொம்பளை மூஞ்சியே பாக்காத பொழப்பு. மழைக்காலத்துல வண்டி ஊரு திரும்புனாத்தான், இல்லீன்னா பொங்கலுக்குத்தான் பொண்டாட்டி புள்ளைகளப் பாக்கறது.

உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்களும் ஆம்பளை, உங்களுக்குப் புரியும். அப்பறம் நாம்ப மறுக்காப் பாக்கப் போறதில்ல.

ரெண்டும் பொண்ணுங்க எனக்கு. ரெண்டாவது பொறந்தப்ப தமயந்திக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுருச்சு. தமயந்திங்கறது என்ற பொண்டாட்டி. உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. கோயமுத்தூருக்குத் தூக்கிட்டு ஓடுனோம். இருதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்குதுன்னாங்க. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இன்னொரு பிரசவத்தை இவங்க உடம்பு தாங்காதுன்னு சொன்னாங்க. மயக்க மருந்து குடுத்து இவங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்றதும் இப்ப சரியில்ல, நீங்க பண்ணிக்குங்க, உங்களுக்குன்னா கால்மணி நேர வேலைன்னாங்க.

எனக்குங்க, கேட்டதும் வேர்த்துப் போச்சு. எங்கூர்ல நெசவுக்காரர் ஒருத்தர், ராக்கியப்பன்னு பேரு, அந்தக் காலத்துலயே அதைப் பண்ணிக்கிட்டவரு. அவரைப் பேரு சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. காயடிச்ச மாடும்பாங்க. அவரு நடந்து போனா எங்கண்ணன் பின்னால மாடு கத்தற மாதிரி கத்துவாரு, நாங்கெல்லாம் சிரிப்போம். அவரும் சிரிச்சுக்கிட்டேதான் போவாரு. நல்ல மனுசன். அவரு அதைப் பெருசா எடுத்துக்கலைன்னுதான் நெனைக்கறேன்.

ஆனாலும் பண்ணிக்கிட்டேனுங்க. ஐப்பசில வண்டி ஊர்ல நிக்கறப்ப, எங்கூர் நர்ஸம்மா ஏற்பாடு பண்ணி, யாருக்கும் தெரியாமப் போயி பண்ணிக்கிட்டு வந்தேன். எத்தனை ஆம்பளை பண்ணுவான், சொல்லுங்க? அவ உசுருக்காகப் பண்ணினேன். அன்னிக்கு ராத்திரி அவ என்ற காலப் புடிச்சுக்கிட்டு அழுதா. அதை நான் மறக்க மாட்டேன். அவதான் மறந்துட்டா.

பிரசவம் ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னதை வீட்ல நான் சொல்லலை, ஆபரேஷன் மட்டும் தமயந்திக்குன்னு சொல்லிப்போட்டேன். வேறெப்படிச் சொல்றது? அண்ணன் தோளுக்கு மேல தூக்கி வளத்தவரு. அப்பன் செத்தப்ப எனக்குப் பத்து வயசுங்க. அழுதுக்கிட்டு நின்னேன். பொட்டைப்புள்ள மாதிரி என்னடான்னு கன்னத்துல ஒண்ணு வெச்சாரு. அதோட நின்னு போச்சு அழுகை. இன்னிவரைக்கும் வரலை. அப்பிடிப்பட்ட மனுசன்கிட்டப் போயி நான் என்னன்னு சொல்றது?

அவளுக்கும் சொல்லித்தான் வெச்சேன், உனக்குப் பண்ணினதாவே இருக்கட்டும்னு. சரிங்கன்னுட்டா. அதுக்கப்பறம் எங்கம்மா கொஞ்சம் பேசுச்சு. பையன் பொறக்கறதுக்கு முந்தி எவ சொல்லி அடைச்சுக்கிட்டேன்னு, தண்ணி எடுத்தாலும் பேச்சு, சோறு போட்டாலும் பேச்சு. அண்ணன் அவகிட்ட முகங்குடுத்துப் பேசறதையே நிறுத்திட்டாரு. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜந்தானுங்க. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுருவாங்க. என்னைச் சொல்லியிருந்தா நான் ரிக்குல எப்பிடி நிக்கறது?

ரிக்கைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நல்லசிவம்னு ஒரு ஹெல்பரு. பொண்டாட்டி போன்ல என்னமோ சொல்லவும் அழுதுட்டான். அவ்வளவுதான், அதோட அவன் பேரு நல்லம்மா. சம்பளம் வாங்கறப்பக்கூட நல்லம்மாதான். நானும் அப்பிடித்தான் கூப்பிட்டேன். கூப்பிடலைன்னா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க.

நர்ஸம்மா ஒரு வாரம் கனம் தூக்காதீங்கன்னு சொல்லியிருந்தாங்க. வண்டி மூணாம் நாளே கெளம்பிருச்சு. வரலைன்னா ஏன்னு கேப்பாங்கல்ல? போனேன். இரும்பு ராடுங்க, ஆளு கனம் இருக்கும் ஒவ்வொண்ணும். தூக்கித் தூக்கி மாட்டோணும். அனந்தபூர் தாண்டறதுக்குள்ள கீழ வீங்கிப் போச்சு. காய்ச்சல் வேற. வயித்து வலின்னு சொல்லிப்போட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். கால அகட்டி நடக்கறதப் பாத்து ஒருத்தன் கேட்டான், நேத்து எவகிட்டடா போனேன்னு. சிரிச்சேன். அதாவது பரவாயில்லீங்க, அந்தப் பேச்சு. கௌரவமான பேச்சு.

சரி, அது கெடக்கட்டும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். நர்ஸம்மா ஐப்பசிலயே சொல்லி விட்டிருந்தாங்க. ஆபரேஷன் பண்ணினதும் உடனே வேலை செய்யாது, மூணு மாசம் கழிச்சு விந்து டெஸ்ட் குடுத்துப் பாக்கோணும், அதுவரைக்கும் உறை போட்டுக்குங்கன்னு ஒரு பொட்டலமும் குடுத்தாங்க. அந்தப் பொட்டலத்தை நான் சந்து சாக்கடையிலயே போட்டுட்டுத்தான் வீட்டுக்கே வந்தேன். தமயந்தி கேட்டா, ஏனுங்க, டெஸ்ட்டு இன்னும் குடுக்கலயேன்னு. கத்தி வெச்சு அறுத்துக்கிட்டு வந்திருக்கறேன், இன்னும் என்னடி டெஸ்ட்டுன்னேன். வெளக்கை அணைச்சுட்டா. எத்தனை மாசம் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கறேன், நீங்களே சொல்லுங்க.

மாசி மாசம் நாங்க ஒரிசாவுல இருந்தோம். கம்ப்ரஸர் ஓடிக்கிட்டு இருக்குது, காதுல ஒண்ணும் விழுகாது. போன் வந்துச்சு. தள்ளிப் போயி எடுத்தேன். நாள் தள்ளிப் போச்சுங்கறா.

நான் ஒரே ஒரு வார்த்தைதானுங்க கேட்டேன். எப்பிடின்னேன்.

என்ன கேக்கறீங்கன்னு எனக்குப் புரியலைங்கன்னா. எப்பிடின்னு கேட்டேன்னேன். போனை வெச்சுட்டா.

நான் சந்தேகப்படலைங்க. கேட்டேன். கேக்கறது வேற, சந்தேகப்படறது வேற. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவன் கேக்காம இருப்பானுங்களா? நாளும் கணக்கும் பொங்கலுக்குச் சரியாத்தான் வந்துச்சு. ஆனாலும் மனசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல. ராடு மாட்டறப்ப எல்லாம் அதே நெனப்பு. எங்கூர் பால்காரன், கேபிள்காரன், அவ பெரியம்மா பையன் ஒருத்தன் மளிகைச் சாமான் கொண்டாந்து போடறவன், ஒவ்வொருத்தன் மூஞ்சியா வந்து போச்சு. யார்கிட்டச் சொல்றது? நல்லசிவத்துகிட்டச் சொல்லலாம்னு ஒருநாள் பக்கத்துல போயி உக்காந்தேன். என்னங்கண்ணான்னான். ஒண்ணுமில்லடா நல்லம்மான்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

லீவு சொல்லிட்டு ஊருக்கு வந்தேன். உள்ள நுழைஞ்சதும் தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டு நேராச் சொன்னா.

"ஏனுங்க, இதைய வெச்சுக்க முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சீக்கிரம் எடுத்துரோணுமாம். நான் போறேன். ஆனா மொதல்ல நீங்க போயி அந்த டெஸ்ட்டக் குடுத்துட்டு வாங்க."

"இப்ப எதுக்கு அது?"

"இது யாருதுன்னு உங்களுக்குத் தெரியோணும். தெரியாம நான் போயி எடுத்துட்டு வந்தேன்னா, மறைக்கறதுக்கு எடுத்தான்னு காலம்பூரா உங்க மனசுல இருக்கும்."

"நான் அப்பிடி நெனைக்கலையே."

"நெனைச்சீங்க. அந்த ஒரு வார்த்தையில எல்லாமே இருந்துச்சு."

சரி, அவ மனசு நோகக் கூடாதுன்னு போனேனுங்க. திருச்செங்கோட்டுல ஒரு லேபு. உள்ள போனா, கவுண்டர்ல சின்னப் பொண்ணு உக்காந்திருக்குது. என்ன டெஸ்ட் சார்னு கேக்குது, மைக்கு வெச்ச மாதிரி. நான் மெதுவாச் சொன்னேன். என்ன சாருங்குது. இன்னொருக்காச் சொன்னேன். ஒரு சின்ன டப்பாவ எடுத்து மேசை மேல வெச்சு, அந்தக் கடைசி பாத்ரூமுக்குப் போங்க சாருன்னுச்சு. கைய நீட்டப் போறேன், பின்னால இருந்து, என்ன சென்னி, உடம்புக்கு என்னன்னு ஒரு குரல். எங்கண்ணனோட மச்சினன். மாசாமாசம் ரத்த டெஸ்ட்டுக்கு வரவரு.

"ஒண்ணுமில்லீங்க மச்சான், சுகரு இருக்குதான்னு பாக்கலாம்னு."

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. டப்பாவ எடுத்து உள்ள வெச்சுட்டு, ஒரு ஊசியக் குத்தி ரத்தம் எடுத்துச்சு. வீட்டுக்கு வந்து தமயந்திகிட்டச் சொன்னேன், சுகர் நார்மலுன்னு. சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கலை.

அதுக்குள்ள எங்கம்மா கண்டுபுடிச்சிருச்சு. கொல்லைப்பக்கம் வாந்தி எடுத்தாலே தெரிஞ்சு போகுமே. ஒரே சந்தோசம் அதுக்கு. பையன்தான், நாட்ராயசாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துருச்சு. அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு.

"ஏன்டா, ஆபரேஷன் பண்ணியாச்சுன்னு சொன்னியே?"

"ஃபெயிலாயிருச்சாட்ட இருக்குதுங்ணா."

வாயில வந்தது அதுதான். பொம்பளைங்களுக்குப் பண்றது எப்பவாவது அப்பிடி ஆகறது உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கறேன். ஆனா அண்ணன் விட்டாருங்களா? அந்த நர்ஸம்மாவைச் சும்மா விடறதா, அரைகுறையா அறுத்து விட்டு நாளைக்கு உசுருக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றதுன்னு வண்டிய எடுத்துட்டாரு. பின்னால நானு. வழி நெடுக, வேண்டாங்ணா, வேண்டாங்ணான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். நீ பயந்தவன்டா, பேசாம வான்னாரு.

ஆஸ்பத்திரி வாசல்ல தடுப்பூசி போட வந்த பொம்பளைங்க வரிசையா உக்காந்திருக்கறாங்க. அண்ணன் போனதும் சத்தம் போட ஆரம்பிச்சுட்டாரு. எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக் கெடுத்துட்டீங்களேன்னு. நர்ஸம்மா நிமிந்து பாத்தாங்க. அண்ணனை இல்லீங்க, என்னை.

"உங்க வீட்டு அம்மாவுக்கு நாங்க ஆபரேஷனே பண்ணலைங்களே," அப்பிடின்னாங்க. "உங்க தம்பி நிக்கறாருல்ல, அவரையே கேளுங்க."

அண்ணன் திரும்புனாரு. அத்தனை பொம்பளைங்களும் திரும்பிப் பாக்கறாங்க.

"என்னடா சொல்றாங்க?"

"எனக்குத் தெரியலீங்ணா," ன்னேன். "பண்ணிக்கிட்டதாத்தான் அவ சொன்னா."

நர்ஸம்மா ஊசியக் கையில வெச்சுக்கிட்டே நின்னுட்டாங்க. நல்லவங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்குச் சட்டமும் இருக்குமாட்ட இருக்குது.

நீங்க ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? யோசிச்சுப் பாருங்க. எனக்குத்தான் ஆபரேஷன்னு அங்க சொல்லியிருந்தேன்னா, அடுத்த கேள்வி என்னவா இருக்கும்? அப்ப வயித்துல இருக்கறது யாருதுன்னு கேக்க மாட்டாங்களா? அவ மானம் என்னத்துக்கு ஆகறது? அதுக்குத்தானுங்க அப்பிடிச் சொன்னேன். அவளுக்காகத்தான் சொன்னேன். இதை அவகிட்டச் சொல்லிப் புரியவைக்க முடியலை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாசல்லயே நின்னு கேட்டாரு.

"ஏனம்மணி, ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்னு இத்தனை நாளா எங்களை ஏமாத்துனியா?"

தமயந்தி மாவாட்டிக்கிட்டு இருந்தா. கையெல்லாம் மாவு. அண்ணன் முதுகுக்குப் பின்னால நான் நிக்கறேன். என்னைப் பாத்தா.

"இவரு சொன்னாருங்களா?"

"அவன்தான் சொன்னான்."

நான் செருப்பக் கழட்டறதுக்குக் குனிஞ்சேன். குனிஞ்சவன் நிமிரலை.

"ஆமாங்க," ன்னா. "நான் பண்ணிக்கலை. அது நெசந்தானுங்க."

பாத்தீங்களா, அவ வாயில பொய் வராது. நெசத்தை மட்டுந்தான் சொன்னா. அதுலயே எல்லாம் முடிஞ்சு போச்சு. எங்கம்மா ஒரே சிரிப்பு, போக்கிரி, பையன் வேணும்னுதான் மறைச்சு வெச்சிருக்கறான்னுட்டு அவ கன்னத்த வழிச்சு முத்தம் குடுக்குது. அண்ணன் என்ற முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு. ஆம்பளை சிங்கம்டா நீன்னாரு. அப்பிடி ஒரு வார்த்தை அவரு வாயில இருந்து எனக்கு வந்ததே இல்லீங்க. போயி மொகம் கழுவிக்கிட்டேன். ரொம்ப நேரம் கழுவிக்கிட்டே நின்னேன்.

சாயங்காலம் தமயந்தி கேட்டா. "இதைச் சுமந்தா நான் செத்துப் போயிருவேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"உங்கம்மா வளைகாப்புக்கு நாள் பாக்கறாங்க."

"சொல்லிக்கலாம், ரெண்டு நாள் போகட்டும். அண்ணன் இப்பத்தான் சந்தோசமா இருக்கறாரு."

அவ போயி புள்ளைங்களைத் தூங்க வெச்சா. சரி, சமாதானம் ஆயிட்டான்னு நெனைச்சேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா அவளும் இல்ல, புள்ளைங்களும் இல்ல. அக்கா வீட்டுக்குப் போயிட்டா. அக்கா ஓசூர்ல ஒரு கம்பெனில வேலை செய்யறவங்க. புருசன் இல்ல. அந்த வீட்ல ஆம்பளைன்னு ஒருத்தரும் இல்ல, அதுதான் தைரியம்.

நான் பாட்டுக்கு இருந்துட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. சேலத்துக்கு வந்து, இங்க யாருக்கு என்னைத் தெரியும்னு, ஒரு பெரிய லேபாப் பாத்து டெஸ்ட்டக் குடுத்தேன். அந்தக் கதையக் கேக்காதீங்க. செவுத்தைப் பாத்துக்கிட்டு எத்தனை நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது. மறுநாள் போனா, வயசான டாக்டரு, குழந்தை இல்லைன்னு வந்தவன்னு நெனைச்சுக்கிட்டாரு போல. கவலையே படாதீங்க தம்பி, உயிரணு போதுமான அளவு இருக்குதுன்னாரு.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குது? எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. பரீட்சையில பாஸானவன் மாதிரி. படிக்கட்டு இறங்கி ரோட்டுக்கு வர்ற வரைக்கும் அந்தச் சந்தோசம் இருந்துச்சு. அப்பறந்தான், அட, அப்ப அது என்ற புள்ளைதான்னு மண்டையில உறைச்சுது. அங்கயே நின்னு போன் போட்டேன்.

"தமயந்தி, டெஸ்ட்டு குடுத்துட்டேன். அது என்னுதுதான்."

"எனக்குத் தெரியுமுங்க," ன்னா.

"நான் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாமுங்க. வெள்ளிக்கிழமையே போயிட்டு வந்துட்டேன். அக்கா கூட இருந்துச்சு. ஒரு நாள் மூச்சுத் திணறிப் படுத்துக் கெடந்தேன். இப்பப் பரவாயில்ல."

என்னை ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க. என்ற புள்ளை அது. ஒரு வார்த்தை. ரோட்டுல லாரியெல்லாம் போகுது, நான் போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். எப்ப வரேன்னு கேட்டேன். அப்பத்தான் அவ அதைச் சொன்னா.

"உங்கம்மாகிட்டயும் அண்ணன்கிட்டயும் ஆபரேஷன் யாருக்கு நடந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும். சொல்லிட்டு வாங்க, அடுத்த பஸ்ஸுலயே வரேன்."

"வேற எது வேணாலும் கேளு தமயந்தி."

"வேற எதுவும் வேண்டாமுங்க."

இவ்வளவுதானுங்க விசயம். புடிவாதக்காரி. கலைஞ்சு போச்சுன்னு நான் வீட்ல சொல்லிட்டேன். எங்கம்மா மூலையில உக்காந்து அழுகுது. அண்ணன், கெடக்குது விடு, அடுத்த பொங்கலுக்குப் பாத்துக்கலாம்டாங்கறாரு. அடுத்த பொங்கலுங்க! என்ற லீவு அடுத்த வாரத்தோட முடியுது, நல்லசிவம் போன் மேல போன் போடறான். மூத்தவ நேத்து போன்ல, அப்பா, எப்ப வருவேன்னு கேட்டா. வந்துக்கிட்டே இருக்கறேன் கண்ணுன்னேன். பொய்யில்ல அது. வந்துக்கிட்டேதான இருக்கறேன்.

எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணினது. பாருங்க, உங்ககிட்ட எத்தனை சுளுவா வந்துருச்சு. தினமும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாக்கறேன், வருது. அண்ணன் மூஞ்சிக்கு முன்னால போனா நாக்கு ஒட்டிக்குது. அப்பறம் மாடு மாதிரி ஒரு சத்தம் கேக்குது. அவரு கத்தலைங்க, சும்மாதான் நிக்கறாரு. எனக்குக் கேக்குது.

சூளகிரி தாண்டியாச்சுங்களா? இன்னும் கொஞ்ச நேரத்துல ஓசூர் வந்துரும்.

இருங்க. இப்பவே சொல்லிப்போடறேன். நீங்க பக்கத்துல இருக்கறப்பவே. மூஞ்சியப் பாக்காம போன்ல சொல்றது சுளுவுதான? பாருங்க, நம்பரு போட்டுட்டேன். மணி அடிக்குது. நான் தடுமாறுனா இப்பிடி முழங்கையில ஒரு இடி இடிங்க...

அலோ... அண்ணா, நாந்தானுங்ணா. ஆமாங்ணா, பஸ்ஸுல இருக்கறேன், அதுதான் சத்தம்... சேலந்தானுங்ணா, ஒரு சாமான் வாங்கோணும்னு... இல்லீங்ணா, ஒண்ணு சொல்லோணும்னுதான் கூப்பிட்டேன்... நம்ம தமயந்திக்கு... அந்த ஆபரேஷன் விசயம்... இல்லீங்ணா, அவளுக்கு இல்ல, அது வந்து...

ஒண்ணுமில்லீங்ணா. சும்மாதான் கூப்பிட்டேன். சாப்டாச்சுங்களா?